அறிவித்தவர் யார்?
திரையில் தோன்றும் இஸ்லாமிய வரலாறு பற்றிச் சில எண்ணங்கள்

வரலாறு நம் இல்லங்களுக்குள் நுழையும் வாசல் மாறிவிட்டது. முன்னர் பத்ருப் போரையும் உஹதுக் களத்தையும் நம் பிள்ளைகள் மீலாது மேடைகளில் கேட்டனர். மக்தபில் உஸ்தாது சொல்லக் கேட்டனர். இரவில் பாட்டிமார் மடியில் கேட்டனர். இன்று அவர்கள் அவற்றைக் கண்ணால் காண்கின்றனர். ரமலான் இரவுகளில் தராவீஹ் முடித்து வந்த குடும்பம், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஸஹாபாக்களின் காலத்தையும் துருக்கியரின் எழுச்சியையும் திரையில் பார்ப்பது பல ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. உருதுவும் அரபும் அறியாதவர்கள்கூட, அடியில் ஓடும் எழுத்துக்களைப் படித்தவாறே கண் கலங்கிப் பார்க்கின்றனர்.

திரைப்படம் கூடுமா கூடாதா என்னும் ஃபத்வாவை இக்கட்டுரையில் நாம் நாடவில்லை. அதற்குரிய சபை வேறு. அதனைச் சொல்லும் தகுதியுடைய பெரியோர் வேறு. அண்மையில் நாம் பார்க்க நேர்ந்த நான்கு படைப்புகளைக் குறித்து, வரலாற்று நூல்களை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வருபவர் என்ற முறையில் நமக்குத் தோன்றியதை மட்டுமே இங்கு எழுத முனைகிறோம். அவை, முஸ்தபா அக்காத் இயக்கிய ‘அர்ரிஸாலா’, அவரே இயக்கிய உமர் முக்தாரின் வரலாறு, 2012இல் வெளிவந்த ‘உமர்’ என்னும் அரபுத் தொடர், ‘எர்துகுருல்’ என்னும் துருக்கித் தொடர் ஆகியன. இந்நான்கையும் நாம் ஒரே கேள்வியைக் கொண்டு அணுகினோம். நம் முன்னோர் ஒவ்வொரு செய்தியின் வாசலிலும் நின்று கேட்ட கேள்வி அது: இதை அறிவித்தவர் யார்?

இக்கேள்வி எத்துணைப் பழமையானது என்பதை அறியப் பழைய பக்தாதுக்குச் சென்றுவர வேண்டும். அந்நகரின் பள்ளிவாசல்களிலும் தெருமுனைகளிலும் ‘குஸ்ஸாஸ்’ எனப்படும் கதை சொல்வோர் பெருகியிருந்தனர். நபிமார் சரிதைகளையும் மறுமைச் செய்திகளையும் கேட்போர் அழுமாறும் வியக்குமாறும் அவர்கள் விரித்துரைத்தனர். அவர்களைச் சுற்றிக் கூடிய கூட்டம், ஹதீஸ் கலை இமாம்களின் அவையைவிடப் பெரிதாகவும் இருந்ததுண்டு. ஹிஜ்ரி 597இல், அதாவது கி.பி. 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இவர்களைப் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றினார்கள். அவர்கள் தாமே பேர்பெற்ற உபதேசியார். ஆதலின் கதை சொல்வதையே அவர்கள் கண்டிக்கவில்லை. உண்மையோடு பொய்யைக் கலந்து சொல்வதையே கண்டித்தார்கள்.

அவர்கள் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று மதரஸாக்களில் இன்றும் சுவைபடப் பேசப்படும். பக்தாதின் ருஸாஃபா பள்ளிவாசலில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களும் யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) அவர்களும் தொழுதுவிட்டு அமர்ந்திருக்க, கதை சொல்பவன் ஒருவன் எழுந்து, ‘அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மஈனும் எமக்கு அறிவித்தனர்’ என்று தொடங்கி, ஒரு நெடிய புனைகதையை நபிமொழியாகச் சொன்னானாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். கூட்டம் கலைந்தபின் யஹ்யா அவனை அழைத்து, தாமே யஹ்யா என்றும் அருகில் இருப்பவரே அஹ்மத் என்றும் கூற, அவன் சற்றும் தயங்காமல், உலகில் உம் இருவரைத் தவிர அப்பெயர்களில் வேறு எவருமே இல்லையோ என்று கேட்டுவிட்டுப் போனானாம்!

இதைக் கேட்டு நகைக்காதவர் இல்லை. ஆயின் ஹிஜ்ரி 748இல் மறைந்த ஹாஃபிழ் தஹபீ (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியையும் விட்டுவைக்கவில்லை. இதைச் சொன்ன அறிவிப்பாளர் இன்னார் என்றே தெரியவில்லை. இச்செய்தியே ஏற்கத்தக்கதன்று என்று அவர்கள் எழுதினார்கள். கட்டுக்கதை சொல்பவர்களைக் கண்டிக்கும் கதை நமக்குச் சாதகமானது. அது உண்மையாக இருந்தால் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் அதையும் அதே தராசில் நிறுத்தனர் நம் முன்னோர். இதுவே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். இந்தத் தராசைக் கையில் ஏந்தியவாறு திரைக்கு முன் அமர்வோம்.

முதலில் ‘அர்ரிஸாலா’. சிரியாவின் ஹலப் நகரில் 1930இல் பிறந்து, அமெரிக்கா சென்று திரைக்கலை பயின்றவர் முஸ்தபா அக்காத். பெருமானார் (ஸல்) அவர்களின் தூதுத்துவ வரலாற்றை மேலை நாட்டார் அறியச் செய்யவேண்டும் என்பது அவருடைய வேட்கை. ஒரே கதையை இரு குழுவினரைக் கொண்டு அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே படமாக்கினார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் அந்தோணி குவினும் அரபியில் அப்துல்லாஹ் கைத்தும் ஏற்றனர். ஹிந்தின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் ஐரீன் பாப்பாஸும் அரபியில் முனா வாஸிஃபும் ஏற்றனர். மொரோக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு, எதிர்ப்புக் காரணமாக இடையில் நின்று, லிபியாவில் நிறைவுற்றது. 1976இல் படம் வெளிவந்தது.

இப்படத்தில் பெருமானாரின் உருவம் இல்லை, நிழல் இல்லை, குரலும் இல்லை. அவர்களோடு பேசுபவர்கள் படப்பெட்டியை நோக்கிப் பேசுகின்றனர். அவர்கள் சொன்ன மறுமொழியை அருகிலிருப்பவர் எடுத்துச் சொல்கிறார். நாற்பெருங் கலீபாக்களும் நபியவர்களின் குடும்பத்தாரும்கூடத் திரையில் தோன்றுவதில்லை. அலீ (ரலி) அவர்களின் வாள் மட்டும் காட்டப்படுகிறது. இது மார்க்கத்தின் வரம்பைப் பேணுவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆயினும் வரலாற்றின் நோக்கில் அதில் மற்றொரு நன்மையும் விளைந்திருப்பதாக நாம் கருதுகிறோம். தன்னால் காட்ட இயலாத ஒன்று உண்டு என்பதைப் படமே ஒப்புக்கொள்கிறது. மூன்று மணி நேரமும் நடுவில் ஓர் இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதை நிரப்ப வேண்டுமாயின் பார்ப்பவர் நூலைத் தேடிச் செல்லவேண்டும். படம் பார்த்த பின்னர் ‘சீறத்து இப்னு ஹிஷாம்’ எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்பாரெனில், அதற்கு அந்த வெற்றிடமே காரணமாக இருக்கும்.

இத்தகைய படத்திற்கு நேர்ந்த கதி என்ன? பெருமானாரின் வேடத்தில் குவின் நடிக்கிறார் என்றொரு வதந்தி பரவியது. 1977 மார்ச்சில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் ஆயுதம் ஏந்திய சிலர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி, ஏறத்தாழ 150 பேரைப் பிணையாக வைத்தனர். 1973இல் தம் குடும்பத்தாரைக் கொன்றவர்கள்மீது பழிதீர்ப்பதே அவருடைய முதல் நோக்கம். இப்படத்தை நிறுத்தவேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. 39 மணி நேரம் நீடித்த அம்முற்றுகையில் இளம் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்தார். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக் கொள்ளுமாறு ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. ‘அறிவித்தவர் யார்?’ என்ற கேள்வி, படம் எடுப்பவருக்கு மட்டுமன்று, படத்தை எதிர்ப்பவருக்கும் உரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அக்காத் 2005 நவம்பரில் அம்மான் நகரத் தங்கும் விடுதிகளில் மார்க்கத்தின் பேரால் வெடிக்கச் செய்யப்பட்ட குண்டுகளால் காயமுற்று, தம் மகளை அடுத்துத் தாமும் உயிர் துறந்தார். ஸவூதி அரேபியாவில் இப்படம் 2018இல்தான் திரையரங்குக்கு வந்தது.

இவ்வளவு பாராட்டியபின், நம் மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். அது ஹம்ஸா (ரலி) அவர்களின் ஷஹாதத்துக் காட்சி. படத்தில், பத்ரில் தந்தையை இழந்த ஹிந்த் பழிவாங்கும் வெறியோடு வஹ்ஷி என்னும் அடிமையை ஏவுகிறார். பரிசும் விடுதலையும் வாக்களிக்கிறார். உஹதில் அவன் ஈட்டியெறிகிறான். பார்ப்பவர் மனத்தில் இக்கொலையின் முழுப் பொறுப்பும் அந்தப் பெண்மணியின் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

நூல்கள் சொல்வது என்ன? இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் வேறெவருமல்லர். ஈட்டி எறிந்த வஹ்ஷியே! பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி, சிரியாவின் ஹிம்ஸு நகரில் வாழ்ந்திருந்த அவரைத் தேடிச் சென்ற இருவரிடம் அவர் தம் வாயால் உரைத்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பத்ரில் ஹம்ஸா (ரலி), துஐமா இப்னு அதீ என்பவரைக் கொன்றிருந்தார். துஐமாவின் சகோதரர் மகனான ஜுபைர் இப்னு முத்இமே வஹ்ஷியின் எசமானர். தம் சிறிய தந்தைக்குப் பகரமாக ஹம்ஸாவைக் கொன்றால் உனக்கு விடுதலை என்று அவரே வாக்களித்தார். வஹ்ஷி சொன்ன அந்த அறிவிப்பில் ஹிந்தின் பெயரே இல்லை. இப்னு இஸ்ஹாக்கின் சரிதையில் ஹிந்த் வஹ்ஷியைத் தூண்டியதும், களத்தில் அவர் செய்த கொடுமையும் கூறப்படுகின்றன என்பது மெய்யே. படம் அவற்றைத் தானாக இட்டுக்கட்டவில்லை. ஆயினும் அதே நூலும் விடுதலை வாக்கு ஜுபைருடையது என்றே கூறுகிறது. படத்தில் ஜுபைர் மறைந்துவிட்டார். இரண்டு பேர் சுமந்த பழி ஒருவர் தலையில் ஏற்றப்பட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். ஜுபைரும் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார்; ஹிந்தும் மக்கா வெற்றியின்போது பெருமானாரின் திருமுன் பைஅத்துச் செய்தார். அவ்விருவர் பெயருக்குப் பின்னும் ‘ரலியல்லாஹு அன்ஹு’, ‘அன்ஹா’ என்று நாம் துஆச் செய்கிறோம். திரையில் அந்த முகத்தைப் பார்த்த பிள்ளை, ஜுபைர் (ரலி) என்று எளிதாக எழுதிவிடும்; ஹிந்த் (ரலி) என்று எழுத அதன் கை கூசும். பெருமானார் (ஸல்) அவர்களே மன்னித்துவிட்ட ஒருவரை நம் பிள்ளையின் நெஞ்சம் மன்னிக்க மறுக்குமாயின், அது சிறிய இழப்பா?

இன்னும் ஒன்று. வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்கவந்தபோது பெருமானார் அவரைத் தண்டிக்கவில்லை. உம் முகம் என் கண்ணில் படாதவாறு இருக்க இயலுமா என்று மட்டும் கேட்டார்கள். அன்பு நிறைந்த சிறிய தந்தையை இழந்த மனிதரின் துயரமும், பழிவாங்காத நபியின் பெருமையும் அந்தச் சிறு வினாவில் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. யமாமாப் போரில் பொய்த்தூதன் முஸைலிமாவைக் கொன்று தம் பழைய பாவத்திற்கு ஈடு தேடியதையும் வஹ்ஷி அதே அறிவிப்பில் சொல்கிறார். ஹிந்த், வஹ்ஷி இருவரின் முழு வரலாற்றையும் அறியாதவருக்கு உஹது ஒரு பழிவாங்கும் கதையாக மட்டுமே எஞ்சும்.

அக்காத்தின் மற்றொரு படம் 1981இல் வெளிவந்த ‘பாலைவனச் சிங்கம்’. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் கதாநாயகர்! லிபியாவின் ஸனூஸிய்யா ஸாவியாவில் சிறுவர்களுக்குப் பாடம் நடத்திய உமர் முக்தார், 1911இல் இத்தாலியர் படையெடுத்தபின் இருபது ஆண்டுகள் அவர்களை எதிர்த்து நின்றவர். 1931 செப்டம்பர் 15ஆம் நாள் பன்காஸியில் பெயரளவுக்கு ஒரு விசாரணை நடந்தது. மறுநாளே ஸுலூக் என்னுமிடத்தில், கூட்டிவரப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களின் கண்முன் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்த முதியவர்.

வரலாறு என்ற வகையில் இந்நான்கனுள் நம் நம்பிக்கைக்கு மிகவும் உரியது இதுவே என்போம். காரணம் எளிது. இதில் அறிவிப்பாளர்கள் அருகிலேயே இருக்கின்றனர். விசாரணைப் பதிவு உண்டு. விலங்கிட்ட நிலையில் எடுத்த புகைப்படம் உண்டு. படைத்தலைவர் கிராஸியானியே எழுதிய நூல் உண்டு. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்துப் பல்லாயிரவரைச் சாகவிட்ட கொடுமைக்குக் காட்சிப் பதிவுகளும் உண்டு. அக்காத் அவற்றைப் படத்தின் நடுவே அப்படியே வைத்தார். ‘இங்கே நான் சொல்லவில்லை, இதோ அறிவித்தவர்’ என்று திரை ஒதுங்கி நின்ற இடம் அது. இத்தாலிய அரசு தன் படையின் மானத்திற்கு இழுக்கு என்று 1982இல் இப்படத்தைத் தடுத்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது இடம்பெற்றது 2009இல்தான். பொய்யை எவரும் இத்தனை ஆண்டுகள் அஞ்சுவதில்லை.

மூன்றாவது, ‘உமர்’ தொடர். 2012 ரமலானில் ஒளிபரப்பாயிற்று. வலீத் ஸைஃப் எழுத, சிரியாவின் ஹாத்திம் அலீ இயக்கினார். தூய இலக்கிய அரபியில் அமைந்த உரையாடல்கள், அம்மொழியைக் கற்பிக்கும் எவர்க்கும் விருந்து. இலக்கணப் பாடத்தில் சோர்ந்து தலை தாழ்த்தும் மாணவர்கள், ஃபுஸ்ஹா என்பது ஒரு காலத்தில் மனிதர் வாயில் உலவிய மொழி என்பதை இத்தொடரால் உணரக்கூடும். இந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயின் ‘அர்ரிஸாலா’ வெறுமையாக விட்ட இடங்களுள் பலவற்றை இத்தொடர் நிரப்பியது. நாற்பெருங் கலீபாக்களும் நடிகர் உருவில் தோன்றினர். யூஸுஃப் அல்கர்ளாவி போன்ற அறிஞர்கள் கதையை மேற்பார்த்தனர். அஸ்ஹர் பல்கலைக் கழகமோ எதிர்த்தது. ஆலிம்களிடையே எழுந்த அக்கருத்து வேற்றுமையில் நாம் புகவில்லை. நம் கேள்வி மீண்டும் அறிவிப்பைப் பற்றியதே.

உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது எவ்வாறு? சகோதரி ஃபாத்திமாவின் வீட்டில் ‘தாஹா’ அத்தியாயம் கேட்டு உள்ளம் இளகியதை நாம் அனைவரும் அறிவோம். தொடரிலும் அக்காட்சி நெஞ்சைத் தொடுகிறது. ஆயினும் இப்னு இஸ்ஹாக் மற்றோர் அறிவிப்பையும் அதனையடுத்துத் தருகிறார். ஓரிரவு மதுவருந்தத் தோழரைத் தேடிச்சென்ற உமர், எவரையும் காணாமல் கஃபாவுக்கு வந்தார். அங்கே பெருமானார் தொழுதுகொண்டிருந்தார்கள். கஃபாவின் திரைக்குள் மறைந்து நின்று அவர்கள் ஓதுவதைக் கேட்ட உமரின் உள்ளம் இளகியது என்பது அவ்வறிவிப்பு. இரண்டையும் எழுதி முடித்த இப்னு இஸ்ஹாக், இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை அல்லாஹ்வே நன்கறிவான் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

‘வல்லாஹு அஃலம்’ என்னும் அச்சொல்லில் நம் வரலாற்றுக் கலையின் மானமே அடங்கியிருக்கிறது. இமாம் தபரீ (ரஹ்) அவர்களும் தம் பெருநூலின் முகப்பில், தமக்கு எட்டியதை எட்டியவாறே தருவதாகவும், ஏற்க இயலாத செய்தி ஏதும் இருப்பின் அது தம்மிடமிருந்து வந்ததன்று, அறிவித்தோரிடமிருந்து வந்ததே என்றும் அறிவித்துவிட்டார்கள். எத்துணை நேர்மை! திரை இதைச் சொல்லுமா? ஒரு காட்சியைக் காட்டிவிட்டு, ‘அல்லது இவ்வாறும் நிகழ்ந்திருக்கலாம்’ என்று மற்றொரு காட்சியைக் காட்டுமா? திரைக்கு ஒன்றுதான் உண்டு. அது கண்ணெதிரே நடக்கிறது. கண்டதை ஐயுறுவது மனித இயல்பன்று. செவியால் கேட்டதற்குச் சாட்சி கேட்கும் மனம், கண்ணால் கண்டதற்குக் கேட்பதில்லை. இங்கேதான் பக்தாதின் கதை சொல்பவனைவிடத் திரை வல்லமை மிக்கதாகிறது. அவனிடம் ‘யார் அறிவித்தார்?’ என்று யஹ்யா கேட்க முடிந்தது. திரையிடம் யார் கேட்பது?

நான்காவது படைப்பில் இவ்வல்லமை முழு உருவம் கொள்கிறது. துருக்கி அரசுத் தொலைக்காட்சியில் 2014 டிசம்பர் முதல் 2019 மே வரை ‘எர்துகுருல்’ ஓடியது. 150 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 2020 ரமலானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருதுவில் ஒளிபரப்பியபின் இந்தியாவிலும் அதன் புகழ் பரவிற்று. ஆட்டமும் ஆபாசமும் இல்லாமல், தொழுகையும் பெரியோரை மதித்தலும் நிறைந்த தொடர் என்பதால் குடும்பங்கள் அதை வரவேற்றன. அந்த மகிழ்ச்சியை நாம் புரிந்துகொள்கிறோம். தம்மைப் போன்ற பெயருடைய ஒருவர் திரையில் வந்தால் பெரும்பாலும் கொடியவராகவே வருவதைக் கண்டு சலித்த கண்களுக்கு, நீதிக்காக வாளேந்தும் முஸ்லிம் வீரர் ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் வரலாற்றில் எர்துகுருல் யார்? உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை. ‘எர்துகுருலின் மகன் உஸ்மான்’ என்று பொறித்த நாணயம் அவர் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று. அவரைப் பற்றிய விரிவான செய்திகளைத் தரும் ஆஷிக் பாஷா ஸாதாவின் நூல் போன்றவை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதாவது அவர் மறைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்டவை. அவருடைய தந்தையின் பெயரிலேயே நூல்கள் மாறுபடுகின்றன; சில ஸுலைமான் ஷா என்கின்றன, சில குந்துஸ் ஆல்ப் என்கின்றன. அக்காலம் பற்றிக் கிடைக்கும் செய்தி நான்கைந்து பக்கங்களுக்கு மேற்படாது என்றும், எஞ்சியதைத் தாம் கற்பனையால் அமைப்பதாகவும் இத்தொடரின் ஆசிரியர் மெஹ்மத் போஸ்தாகே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அவரைக் குறைசொல்ல நமக்கு வழியில்லை. பார்ப்பவர்தாம் அதைக் காதில் வாங்கவில்லை.

வாசகர்கள் ஒரு கணக்கை எண்ணிப் பார்க்கட்டும். பெருமானாரின் இருபத்து மூன்று ஆண்டுத் தூதுத்துவ வாழ்வுக்கு ஆயிரமாயிரம் அறிவிப்புகள் உள்ளன. அதைச் சொன்ன படம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் ஒரு வெற்றிடமும் விட்டது. நான்கைந்து பக்கச் செய்தியே உள்ள ஒருவருடைய வரலாறு முந்நூறு மணி நேரம் ஓடுகிறது. ஓரிடமும் வெறுமையாக இல்லை. நூல்கள் பேசும்போது அடக்கத்துடன் நிற்கும் திரை, நூல்கள் மௌனமாகும்போது ஓயாமல் பேசுகிறது!

இதன் விளைவை வகுப்பறையில் காண்கிறோம். ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (ரஹ்) அவர்களைப் பற்றி எழுதச் சொன்னபோது, எர்துகுருலுக்கு வழிகாட்டிய ஞானி என்று மாணவர் ஒருவர் எழுதினார். ஹிஜ்ரி 560இல் ஸ்பெயினின் முர்ஸியாவில் பிறந்து, ஹிஜ்ரி 638இல் திமிஷ்கில் மறைந்த அப்பெரியார், சில காலம் அனடோலியாவில் தங்கியது உண்மை. எர்துகுருலை அவர்கள் சந்தித்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அம்மாணவரிடம் ‘ஃபுதூஹாத்துல் மக்கிய்யா’ என்னும் அவர்களுடைய பெருநூலின் பெயரைக் கேட்டோம், தெரியவில்லை. வாழ்நாள் முழுதும் எழுதிய ஒரு மாமேதையின் எழுத்து மறைந்து, அவர் சொல்லாத சொற்கள் மட்டும் ஓர் இளைஞர் உள்ளத்தில் நிலைத்துவிட்டன.

‘அப்படியாயின் நம் புலவர்கள் கற்பனை செய்யவில்லையா?’ என்று இலக்கிய அன்பர்கள் கேட்பது நம் செவியில் விழுகிறது. செய்தார்கள். சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் அரபு நாட்டைப் பாடும்போது அங்கே ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது, மருத நிலம் செழிக்கிறது. பாலை மணலில் தமிழ்நாட்டைக் கொண்டுபோய் வைத்தார் அவர். ஆயினும் அந்த 5027 விருத்தங்களுள் ஒன்றைக் கேட்ட எவரும் மக்காவில் நெல் விளைந்தது என்று நம்பியதில்லை. ஏன்? காப்பியம் தன்னைக் காப்பியம் என்று அறிவித்துக் கொண்டே நடக்கிறது. எதுகையும் மோனையும் உவமையும் அடிதோறும், ‘இது புலவன் வாக்கு’ என்று நினைவூட்டுகின்றன. அன்றியும், சீறாவைப் படிக்கும் அவையில் அதற்கு உரை விரிப்பவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வரலாறு எது, வருணனை எது என்று அவர் பிரித்துச் சொன்னார். திரையோ தன் கற்பனையை மண்ணும் வியர்வையும் பூசி மெய்போல் நிறுத்துகிறது. உரை விரிப்பவரின் இருக்கை நம் கூடங்களில் காலியாகக் கிடக்கிறது.

அந்த இருக்கையில் தந்தையோ தாயோ அமரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பிள்ளைகளைத் திரையின் முன்னிருந்து எழுப்பிவிடுவது எல்லா வீடுகளிலும் கைகூடும் என்று நாம் எண்ணவில்லை. பார்க்கும் வீட்டில் அருகே ஒரு நூலும் இருக்கட்டும். தமிழில் நபிகள் நாயகத்தின் வரலாறுகள் பல உள. புகாரியின் மொழிபெயர்ப்பும் உளது. ஒரு பகுதி முடிந்ததும், இதில் நூலில் உள்ளது எது, எழுதியவர் சேர்த்தது எது, நூலில் இருந்தும் விடுபட்டது எது என்று மூன்று கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்கலாம். முதல் இரண்டையும் பலர் கேட்பர். மூன்றாவதே கடினம், மூன்றாவதே பயனுடையது. ஜுபைர் எங்கே போனார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளை நாளேட்டுச் செய்தியிலும் கைப்பேசியில் வந்து குவியும் வதந்தியிலும் மறைக்கப்பட்டவர் யார் என்று கேட்கும். இக்காலத்தில் நம் சமுதாயத்திற்கு அதைவிடத் தேவையான கல்வி வேறு உண்டோ?

ஒரு செய்தியின் உண்மையை அறிய ஊர் ஊராக ஒட்டகத்தின்மீது சென்றவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஹிம்ஸு நகரின் தெருக்களில் வஹ்ஷியின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு சென்ற அந்த இருவரை எண்ணிப் பார்க்கிறோம். ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்ட செய்தி அவர்களுக்கு முன்பே தெரியும். எனினும், செய்தவர் வாயால் கேட்கவேண்டும் என்று சென்றனர். அவர்கள் சென்றதனால்தான் உண்மை நம் கைக்கு வந்தது. நாம் செல்லவேண்டிய தூரம், கூடத்திலிருந்து புத்தக அலமாரி வரைதான்.